பீரோவுக்குப் பின்னால் இருந்த பூசணம்

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் வெள்ளக்காடாயின. தென்பெண்ணையும் கரை மீறியது. சில நாள்களில் நீர் வடிந்தது. மக்கள் வீடுகளைக் கழுவிவிட்டு, பொங்கலுக்குப் புதிதாக வண்ணமும் பூசினர். ஆனால் எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவில் அந்த மழையின் விளைவை அதற்குப் பின்னரும் பல மாதங்கள் கண்டோம்.

பனமலைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த அம்மையார் ஒருவருக்கு ஆஸ்துமா பல்லாண்டுகளாகக் கட்டுக்குள் இருந்தது. அந்தத் தை மாதம் முதல் இரவில் இருமலும் இளைப்பும் தொடங்கின. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. இன்ஹேலர் மருந்தின் அளவைக் கூட்டினோம். பயனில்லை, மீண்டும் கூட்டினோம். மூன்றாம் முறை உடன் வந்த மகள், “சென்னையில் எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தாங்க டாக்டர், இருமலே இல்லை” என்றார். முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய செய்தி அது. கேட்கவில்லை.

வீட்டில் பூசணம் உண்டா என்று வினவியபோது, “அதெல்லாம் இல்லீங்க, இப்பத்தான் பெயிண்ட் அடிச்சோம்” என்று அம்மையார் சற்றே மனம் வருந்திச் சொன்னார். பூசணம் என்பது வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்களா என்னும் கேள்வியன்று; நீர் எங்கே தங்கியிருக்கிறது என்னும் கேள்வி. மறுநாள் மகள் பீரோவை நகர்த்திப் பார்த்துத் தம் கைபேசியில் படம் எடுத்து வந்தார். பீரோவின் பின்புறச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. அம்மையாரின் கட்டில் அந்தப் பீரோவை ஒட்டியே கிடந்தது.

ஈரம் பட்ட பொருளில் ஓரிரு நாள்களிலேயே பூசணம் முளைக்கத் தொடங்கும். வெயிலும் காற்றும் படும் சுவர் உலர்ந்துவிடுகிறது. படாத இடந்தான் மறைவிடமாகிறது. வெளிச்சுவரை ஒட்டிய பீரோ, பெரிய நாள்காட்டி, சாமிப் படங்களின் பின்புறம், மெத்தையின் அடிப்பக்கம், சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள பிளைவுட் அலமாரி, மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண், குளியலறைச் சுவரின் மறுபக்கம், ஏர்கூலரின் புல் தட்டி ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சின் மேல் இக்காலப் பிளாஸ்டிக் வண்ணம் ஏறினால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. ஓதம் காயுமுன் பூசிய வண்ணம் கறையை மறைக்குமேயன்றிப் பூசணத்தைப் போக்காது.

கண்ணுக்கு முன் மூக்கைப் பயன்படுத்துங்கள். நாள் முழுதும் அங்கேயே இருப்பவரின் மூக்கு அந்த மக்கிய வாடைக்குப் பழகிவிடும். ஆகவே வெளியூர் சென்று திரும்பிக் கதவைத் திறக்கும் முதல் நொடியில் கவனியுங்கள்; அல்லது வீட்டுக்கு வரும் உறவினரைக் கேளுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைச் சுவரோடு சாய்த்து அடியுங்கள். நேரே பார்க்கையில் தெரியாத உப்பலும் மென்மையான படலமும் அப்போது புலப்படும்.

வெள்ளையாய்ப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அன்று. சுவரின் உப்பு வெளிப்பட்டாலும் அப்படித்தான் தோன்றும். சிறிது நீர் தெளித்தால் உப்பு கரையும், பூசணம் கரையாது. ஆயினும் உப்புப் பூத்த சுவரும் ஈரச் சுவரே என்பதால் அதன் அருகே தேடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, ஒரு முழம் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் நாடாவால் இறுக்கிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவரினுள் கசிவு இருக்கிறது. கொத்தனாரையோ குழாய் வேலை செய்பவரையோ அழைக்க வேண்டும். வெளிப்புறம் கோத்திருந்தால் அறைக் காற்றில் ஈரம் மிகுதி. சன்னலைத் திறப்பதே முதல் வேலை.

எந்த வகைப் பூசணம் என்று ஆய்வகத்தில் பணம் செலவழிக்கத் தேவையில்லை. எவ்வகையாயினும் அகற்றத்தான் வேண்டும். 2021இல் கோவிட் காலத்தில் பேசப்பட்ட ‘கறுப்புப் பூஞ்சை’ இதுதானா என்று பலர் அஞ்சிக் கேட்கின்றனர். அந்நோயில் கறுப்பது அழிந்த தசையே. சுவரின் நிறத்தைக் கண்டு அதனோடு முடிச்சுப் போட வேண்டாம். எனினும் ஆஸ்துமா உள்ளவர், காசநோயால் நுரையீரலில் குழிவு ஏற்பட்டவர், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர், நெடுநாள் ஸ்டீராய்டு உண்பவர் ஆகியோர் மற்றவரைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்கள் துப்புரவு செய்யவும் கூடாது. செய்யும்போது அறையில் இருக்கவும் கூடாது.

துப்புரவு செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் நுண்வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை அமிலத்தைக் கலந்தால் நச்சு வாயு எழும், ஒருபோதும் கலக்காதீர்கள். பூசணம் ஏறிய பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்து மீண்டும் விரிக்காமல் கழித்துவிடுவதே நல்லது. கட்டில் அளவுக்கு மேல் படர்ந்திருந்தால் வேலை தெரிந்தவரை அமர்த்துங்கள். வாடை போகச் சாம்பிராணி போடும் பழக்கம் இங்குண்டு. இளைப்பு உள்ள வீட்டில் அந்தப் புகை இருமலைக் கூட்டும்.

எல்லா இருமலுக்கும் சுவரைக் குறை கூற இயலாது. இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, எடை குறைந்தாலோ உடனே வாருங்கள். பூசணத்தை அகற்றிவிட்டோம் என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். வரும்போது, எந்த வீட்டில், எந்த அறையில், எந்நேரம் இருமல் வந்தது என்று குறித்து வாருங்கள். பீரோவின் பின்புறத்தைப் படம் எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

அந்த அம்மையாரின் வீட்டில் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் வெடித்திருந்தது. அதை மாற்றி, சுவரைச் சுரண்டிக் காயவைத்த பின்னரே மீண்டும் பூசினார்கள். இரண்டு மாதங்கள் கழித்து மருந்தைப் பழைய அளவுக்கே குறைத்தோம். பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது.