மரம் தின்னாத மரத் துளைப்பான்

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் வீட்டு வாசலில் நிற்கும் மாதுளையின் கிளையில் குண்டூசி நுழையுமளவு ஒரு துளையும், அதன் வாயில் மாவாக மரத்தூளும் தெரிந்தால், மரத்தைத் தின்னும் பூச்சி என்றுதான் யாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இப்படித் துளைக்கும் வண்டுகளில் பல, மரத்தைத் தின்பதே இல்லை.

அவற்றில் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு நன்கு பழக்கமானது ‘ஷாட் ஹோல் போரர்’. 1868இல் ஐக்ஹாஃப் என்ற ஜெர்மானியர் இலங்கை வண்டை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார். ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் சில இனங்களின் கூட்டம் என்பது அண்மையில்தான் தெளிவானது.

பெண் வண்டு கறுப்பு. இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. அதன் வாயருகே சின்னஞ்சிறு பைகள். அவற்றில் பூஞ்சண வித்து. பென்சில் பருமனுள்ள தேயிலைக் கிளையைக் குடைந்து, சுரங்கச் சுவரில் பூஞ்சணத்தைப் பயிரிட்டு, முட்டையிடுகிறது. புழுக்கள் மேய்வது அந்தப் பயிரைத்தான். ஆணுக்குப் பறக்கத் தெரியாது. பெரும்பாலும் பிறந்த சுரங்கத்திலேயே உடன்பிறந்த பெண்களோடு கூடி, அங்கேயே வாழ்ந்து முடிகிறது. கருவுறாத முட்டைகள் ஆணாகும் என்பதால் ஒற்றைப் பெண்ணே ஒரு குடும்பத்தைத் தொடங்கிவிட முடியும். இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வண்டு 2003இல் கலிபோர்னியாவில் அகப்பட்டது. 2009இல் இஸ்ரேலின் அவகாடோ தோப்புகளில் தலைகாட்டியது.

தேயிலைச் செடி உடனே பட்டுப்போவதில்லை. கொழுந்து பறிப்பவர் உரசினாலோ காற்று அடித்தாலோ, சுரங்கம் ஓடிய இடத்தில் கிளை மளுக்கென்று முறிகிறது. கவ்வாத்து முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகிறது.

மருந்தடித்த கதை இதைவிடச் சுவையானது. 1950களில் இலங்கைத் தோட்டங்களில் இந்த வண்டுக்காக டீல்ட்ரின் தெளித்தார்கள். அங்கே இலைச் சுருட்டுப் புழுவை அடக்கிவைத்திருந்தது, 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி. மருந்தில் மடிந்தது அந்தக் குளவி. கேட்பாரில்லாமல் புழு பெருகிவிட்டது!

துளைக்கும் வண்டைப் பிடிக்கத் தென்னிந்தியாவில் சொல்லப்படும் ஒரு வழி இன்னும் எளிது: மொன்டனோவா என்ற செடியின் தண்டுகளை வெட்டித் தேயிலை நடுவே போட்டு வைப்பது. அந்த வாசனைக்கு வண்டுகள் வந்து தண்டுக்குள் புகுந்ததும், பொறுக்கியெடுத்துக் கொளுத்திவிடுவது.