கென்தே அழித்த தெரு

சான்பிரான்சிஸ்கோவின் கிராண்ட் அவென்யூவில் இன்று நடப்பவர்களுக்கு, வளைந்த கூரைகளையும் பகோடா முகப்புகளையும் பார்த்ததும் பழைய சீனாவே கப்பலேறி வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அத்தனையும் 1906க்குப் பிறகு கட்டியவை. அந்த ஏப்ரல் 18 பூகம்பமும் தொடர்ந்த தீயும் இந்தத் தெரு ஓடும் சைனாடவுனைச் சாம்பலாக்கின. அதற்கு முன் இந்தத் தெருவின் பெயர் டுபான்ட் தெரு. சீனர்கள் சாதாரணச் செங்கல் கட்டடங்களில்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

அந்தத் தெருவை நமக்குக் காட்டுபவர் இன்னொரு வந்தேறி. பெர்லினில் பிறந்த ஆர்னால்ட் கென்தே, மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1895இல் ஒரு பிரபு வீட்டுப் பையனுக்குப் பாடம் சொல்லித்தர இந்த ஊருக்கு வந்தார். சீனர்கள் படம் பிடிக்க விடமாட்டார்கள் என்பதால் சின்னக் கேமராவை மறைத்துக்கொண்டு சந்துகளில் காத்துக் கிடந்தார். இவருக்குக் கதவு திறந்த நாடு, 1882 சட்டத்தால் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவடைத்திருந்தது. அதனால் அங்கே பெண்களும் குழந்தைகளும் மிகக் குறைவு. கென்தேயின் படங்களிலோ பண்டிகை உடுப்பில் குழந்தைகள் நிறைய!

அதோடு விடவில்லை. ஆங்கிலப் பெயர்ப் பலகைகளையும் வெள்ளையர் உருவங்களையும் சில படங்களில் அழித்தார், வெட்டினார். கலப்பில்லாத சீனா அவருக்கு வேண்டியிருந்தது.

தீயில் அவருடைய ஸ்டூடியோவே போயிற்று. இரவல் கேமராவோடு அலைந்து, சாக்ரமென்டோ தெருவில் ஜனங்கள் நாற்காலி போட்டு நெருப்பை வேடிக்கை பார்த்ததைப் பிடித்தார். அவருடைய மிகச் சிறந்த படம் அதுதான் என்பேன். அதில் எந்த ஜோடனையும் இல்லை. சைனாடவுன் நெகட்டிவ்கள் பிழைத்தது நண்பர் வில் இர்வின் புண்ணியம். அவர் வற்புறுத்தியதால்தான் அவை வங்கிப் பெட்டகத்துக்குப் போயிருந்தன. 1908இல் புத்தகமாயின.

எரிந்த இடத்திலிருந்து சீனர்களை ஊரின் ஓரத்துக்கு, ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்கு, விரட்ட நகரத் தலைவர்கள் பார்த்தார்கள். லுக் டின் எலி போன்ற வணிகர்கள் முந்திக்கொண்டார்கள். வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர்களை வைத்தே பகோடா முகப்புகளை எழுப்பி, சுற்றுலாப் பயணிகளை வரவழைத்து, இடத்தைத் தக்கவைத்தார்கள். கென்தே ரசனைக்காகப் படத்தில் ஜோடித்த சீனாவை, இவர்கள் பிழைப்புக்காகச் செங்கல்லில் கட்டினார்கள்.

கென்தேயின் நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன; இணையத்திலும் பார்க்கலாம். புத்தகத்தைப் புரட்டும் முன் அவற்றைப் பாருங்கள்.