உங்களுக்குத் தெரியுமா? சோபாவில் எத்தனை பேர்?

● நண்பர்களைக் கூப்பிட்டு வீட்டில் படம் போட்டால் தப்பா? அமெரிக்காவில் தப்பில்லை. அங்குள்ள 1976ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, எல்லோரும் வந்துபோகிற இடத்தில் ஓட்டினாலோ, குடும்பமும் பழகியவர்களும் போக வெளியாட்கள் ஏராளமாகக் கூடினாலோதான் அது பொதுக்காட்சி. ஏராளம் என்றால் எத்தனை தலை? சட்டம் வாய் திறக்கவில்லை. வம்பெல்லாம் அங்கேதான்.

● கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் பார்த்தாலும் பொதுக்காட்சி ஆகலாம்! பென்சில்வேனியாவின் ஈரி நகரில் ஒரு வீடியோ கடை, 2 முதல் 4 பேர் உட்காரும் குட்டி அறைகளை வாடகைக்கு விட்டது. கேசட்டைக் கவுன்டரில் இருந்து கடைக்காரர்களே ஓட்டுவார்கள். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் வழக்குப் போட்டன. காசு கொடுத்தால் யாரும் நுழையலாமே, அப்புறம் என்ன தனியறை என்று 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. கடை தோற்றது. ஸ்டூடியோக்கள் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு ஹோட்டல் மீதும் பாய்ந்தன. அங்கே தங்கியவர்கள் லாபியில் டிஸ்க் எடுத்துப்போய் அறையில் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். வாடகை அறையும் வீடு மாதிரிதான் என்று 1989இல் தீர்ப்பு. ஹோட்டல் ஜெயித்தது.

● டிவியில் வருவதை வீட்டிலேயே பதிவுசெய்யும் வீசிஆர் வந்தபோது ஹாலிவுட் அலறிய அலறல் தனி ரகம். யுனிவர்சலும் டிஸ்னியும் 1976இல் அதை விற்ற சோனி மீது வழக்குப் போட்டன. தயாரிப்பாளர் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டி 1982இல் நாடாளுமன்றக் குழு முன் அந்தப் பெட்டியைப் பாஸ்டன் நகரின் தொடர் கொலைகாரனோடு ஒப்பிட்டார். 1984இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், ஒரே ஓட்டில், சோனியைக் காப்பாற்றியது. 1980கள் முடிவதற்குள் ஹாலிவுட்டுக்குத் தியேட்டரைவிட வீடியோவில் அதிகக் காசு!

● 1998இல் டிவ்எக்ஸ் என்றொரு சினிமா டிஸ்க் வந்தது. முதல் தடவை போட்டதிலிருந்து 48 மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு பார்க்கக் காசு. கணக்கு வைக்க பிளேயரை டெலிபோன் லைனோடு இணைத்திருக்க வேண்டும். நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போனால்? அவர் பிளேயர் அவர் கணக்கில் இருப்பதால் அங்கே தனியாகக் காசு. 1999இல் கடையைக் கட்டினார்கள். 2001க்குப் பிறகு அந்த டிஸ்க்குகள் ஓடவே இல்லை.

● 2007இல் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் இண்டியானாபோலிஸ் அணி ஆடியது. அந்த ஊர் சர்ச் ஒன்று பெரிய திரை கட்டி எல்லோருமாகப் பார்க்க ஏற்பாடு செய்தது. 55 அங்குலத்துக்கு மேல் திரை கூடாது என்று ஆட்டத்தை நடத்தும் என்எஃப்எல் கடிதம் அனுப்பியது. ஓட்டலுக்கும் பாருக்கும் சட்டம் வைத்த அளவு அது. ஆனால் வழக்கமாக ஆட்டம் காட்டும் பாருக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள், பக்தர்களுக்கு டேப்பை நீட்டினார்கள்! திட்டு வாங்கியபின் மறு ஆண்டு என்எஃப்எல் இறங்கிவந்தது.

● இவை எல்லாவற்றையும் விஞ்சியது மைக்ரோசாஃப்ட்டின் ஒரு பேட்டன்ட் விண்ணப்பம். 2012இல் வெளியானது. டிவி பக்கத்திலிருக்கும் கேமரா, எதிரே உட்கார்ந்திருப்பவர்களை எண்ணும். உரிமத்தில் இத்தனை பேர் என்றிருக்கும். கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் படத்தை நிறுத்தலாம், பெரிய உரிமம் வாங்கச் சொல்லலாம். சித்தப்பா மகன் பாப்கார்னோடு எட்டிப் பார்த்தாலும் கணக்கில் வருவான் போலிருக்கிறது.

● பாஸ்வேர்டைப் பகிர்வதே அன்பு என்கிற பொருளில் 2017இல் ட்வீட் போட்டது நெட்ஃபிளிக்ஸ். 2023 மே மாதம் அமெரிக்காவில் அதே நெட்ஃபிளிக்ஸ், வீட்டுக்கு வெளியே இருக்கும் ஆளுக்கு மாதம் 7.99 டாலர் கேட்டது.