டேட்டா சென்டருக்குள் கட்டட வேலை!

வீட்டில் பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுகிறோம்; அல்லது புதிய வயரிங்குக்காகச் சுவரை வெட்டுகிறோம். அந்த நாட்களில் உங்கள் கம்ப்யூட்டரை என்ன செய்வீர்கள்? ஆஃப் செய்து, பழைய பெட்ஷீட் ஒன்றைப் போட்டு மூடி வைப்பீர்கள். வேலை முடிந்து வீட்டைக் கழுவிய பிறகு மீண்டும் இயக்குவீர்கள். சரி, ஒரு நிமிடம் கூட நிறுத்த முடியாத கம்ப்யூட்டர்கள் இருக்கும் இடத்தில் இதே வேலை நடந்தால்?

டேட்டா சென்டர்களில் இது அடிக்கடி நடக்கிறது. நாம் ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதும், மெயில் பார்ப்பதும், மொபைல் போனில் பணம் அனுப்புவதும் அங்குள்ள சர்வர்களால்தான். அவற்றுக்கு விடுமுறை கிடையாது. ஆனால் கட்டடத்திற்கு வயதாகிறது. ஏசி மாற்ற வேண்டும். கேபிள் செல்லும் வழிகளை அதிகப்படுத்த வேண்டும். பக்கத்து அறையை இடித்துச் சேர்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் அதிக மின்சாரம் எடுப்பதால், பழைய மையங்கள் பலவற்றில் மின் இணைப்பையும் குளிரூட்டும் வசதியையும் கூட்ட வேண்டியுள்ளது. இவை அனைத்தும் சர்வர்கள் ஓடிக் கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும்.

இந்த வேலையில் இரண்டு எதிரிகள்: ஒன்று தூசி, மற்றொன்று வெப்பம். தூசியைத் தடுக்க நாம் போடும் தடுப்பு, வெப்பம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். அந்த வழியைத் திறந்து வைத்தால் தூசி உள்ளே வரும். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. இதனை எப்படிச் சமாளிக்கின்றனர் என்பதையும், அதிலிருந்து நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன எடுத்துக் கொள்ளலாம் என்பதையும் இங்கு காணலாம்.

தூசி என்ன செய்யும்?

"தூசி ஹார்ட் டிஸ்க்கிற்குள் போய் அதைக் கெடுத்துவிடும்" என்று பலர் என்னிடம் கூறியதுண்டு. ஹார்ட் டிஸ்க்கின் உட்பகுதிக்குக் காற்று செல்லும் சிறு துளையில் ஃபில்டர் இருக்கிறது. ஹீலியம் வாயு அடைத்த டிஸ்க்குகளில் அந்தத் துளையும் இல்லை. எனவே தூசியின் பாதிப்பு வேறு இடங்களில்தான்.

முதலாவது, ஹீட் சிங்க். ப்ராசசரின் மீது நெருக்கமான தகடுகளுடன் இருக்கும் இந்தப் பாகத்தில் தூசி படிந்தால், அது கம்பளி போர்த்தியது போலாகிவிடும். வெப்பம் வெளியேறாது. சூடு கூடினால் சர்வரில் உள்ள ஃபேன்கள் தாமாகவே வேகமெடுக்கும். வேகமெடுத்த ஃபேன் இன்னும் அதிகத் தூசியை இழுக்கும். ஃபேனின் வேகம் இரு மடங்கானால், அது எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஈரம். சிமெண்ட், ஜிப்சம் போன்றவற்றின் தூள், காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்துக் கொள்ளும். இது மெமரி ஸ்லாட், கனெக்டர் போன்ற இடங்களில் படிந்தால், நாளடைவில் அரிப்பும் மின்கசிவும் ஏற்படலாம்.

மூன்றாவது, உலோகத் தூள். கேபிள் தாங்கிகளையும் இரும்புக் குழாய்களையும் அறுக்கும்போது பறக்கும் தூள், போர்டில் இரண்டு இணைப்புகளுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்தான்.

நான்காவது, பலர் கேள்விப்படாதது. பல டேட்டா சென்டர்களில் தரை உயர்த்திப் போடப்பட்டிருக்கும். அந்தத் தரைப் பலகைகளின் அடியில் உள்ள இரும்பில் மின்முறையில் துத்தநாகம் பூசியிருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல அதிலிருந்து முடியைவிட மெல்லிய துத்தநாக இழைகள் வளர்வதுண்டு. இவற்றின் தடிமன் சில மைக்ரான்; நீளம் சில மில்லிமீட்டர் வரை இருக்கும். பலகையைக் கழற்றி இழுக்கும்போது இவை உடைந்து, தரைக்கு அடியில் வரும் குளிர் காற்றோடு சேர்ந்து சர்வருக்குள் போய்விடும். அமெரிக்காவின் நாசா அமைப்பு இந்த இழைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளது. சுவரை உடைக்காமல், தரைப் பலகையை அசைத்தாலே ஆபத்து உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

எவ்வளவு தூசி வரை தாங்கும்? டேட்டா சென்டர்களுக்குப் பொதுவாக ஐ.எஸ்.ஓ. 14644-1 தரத்தின் 8ஆம் வகுப்பு சொல்லப்படுகிறது. இதன்படி ஒரு கன மீட்டர் காற்றில், அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,20,000க்கு மேல் இருக்கக் கூடாது. கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியலாம். பக்கத்தில் ஒரு டைல்ஸ் அறுக்கும் மெஷின் ஓடினால் இந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

வெப்பம் எவ்வளவு?

சர்வர்கள் அடுக்கப்பட்ட ஒரு ரேக் 10 கிலோவாட் மின்சாரம் எடுக்கிறது என வைத்துக் கொள்வோம். அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளிவரும். அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பத்தை ஓர் அலமாரியில் அடுக்கி, நாள் முழுக்க ஓட விட்டதற்குச் சமம். இதைக் குளிர்விக்க ஏறத்தாழ மூன்று டன் ஏசி வேண்டும். ஓர் அறையில் இப்படி நூறு ரேக்குகள் இருக்கலாம்.

சர்வரின் முன்புறம் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது, அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே தரும் பரிந்துரை. இதற்காக ரேக்குகளை எதிரெதிராக நிறுத்தி, குளிர் காற்று வரும் பாதை, சூடான காற்று போகும் பாதை எனப் பிரித்து வைக்கின்றனர். குளிர் காற்று பெரும்பாலும் தரைக்கு அடியிலிருந்து வருகிறது. சூடான காற்று ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சென்று ஏசிக்குத் திரும்புகிறது.

குளிர்ச்சி தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 2023 அக்டோபர் 14 அன்று, சிங்கப்பூரில் உள்ள ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்றில், குளிர்நீர் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்து கொண்டிருந்தது. முன்கூட்டியே திட்டமிட்ட வேலைதான். ஒப்பந்தக்காரர் தரப்பிலிருந்து தவறான சிக்னல் ஒன்று போய், குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக் கொண்டன. அறைகளில் வெப்பம் ஏறியது. டி.பி.எஸ்., சிட்டி ஆகிய இரண்டு வங்கிகளின் சேவைகள் நின்றன. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பின்னர் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வங்கிகள் தம் மாற்று மையங்களுக்கு மாற முயன்றபோது அங்கும் தொழில்நுட்பச் சிக்கல்கள் எழுந்தன. நிலைமை முழுமையாகச் சீராக மறுநாள் ஆனது.

இங்கே தூசிக்குத் தொடர்பில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை கடையில் பொருளை வாங்கிவிட்டுப் பணம் செலுத்த முடியாமல் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஓடும் மையத்தில் வேலை செய்யும்போது வெப்பம் எவ்வளவு குறைவான அவகாசம் தருகிறது என்பது புரியும்.

தடுப்புச் சுவர் எப்படி?

முதல் விதி, தூசி கிளப்பும் வேலையைக் கூடியவரை வெளியிலேயே முடித்துவிடுவது. குழாய், போர்டு, கேபிள் தாங்கி அனைத்தையும் அளவெடுத்து, வெளியே அறுத்து, துடைத்து, உள்ளே கொண்டு வந்து பொருத்த மட்டும் செய்கின்றனர். அட்டைப் பெட்டிகளையும் வெளியிலேயே பிரித்துவிடுவார்கள். அட்டையிலிருந்து உதிரும் நார்களும் தூசிதான்.

உள்ளேயே செய்தாக வேண்டிய வேலைக்குத் தடுப்பு எழுப்புகின்றனர். எளிதில் தீப்பிடிக்காத பிளாஸ்டிக் ஷீட் அல்லது ஜிப்சம் போர்டு இதற்குப் பயன்படும். இந்தத் தடுப்பு தரைப் பலகையில் தொடங்கி ஃபால்ஸ் சீலிங்கில் முடிந்தால் பயனில்லை. தூசி கீழ் வழியாகவும் மேல் வழியாகவும் போய்விடும். எனவே கான்கிரீட் தளத்திலிருந்து மேலே உள்ள கான்கிரீட் கூரை வரை அடைக்க வேண்டும்.

சிக்கல் இங்குதான் வருகிறது. தரைக்கு அடியில் குளிர் காற்று போகும் வழி அது. சீலிங்குக்கு மேலே சூடான காற்று திரும்பும் வழி அது. இரண்டையும் அடைத்தால், தடுப்புக்கு அந்தப் பக்கம் உள்ள ஏசியின் காற்று இந்தப் பக்கச் சர்வர்களுக்குக் கிடைக்காது. ஆகவே தடுப்பு எழுப்புவதற்கு முன், எந்த ஏசியின் காற்று எந்த ரேக்குக்குப் போகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்று கணக்கிடுகின்றனர். இதற்கென சாப்ட்வேர்கள் உள்ளன. பின்னர் துளையுள்ள தரைப் பலகைகளை இடம் மாற்றுகின்றனர். ரேக்குகளில் உள்ள காலி இடங்களைத் தகடு கொண்டு மூடுகின்றனர். தேவைப்பட்டால் நகர்த்தக்கூடிய ஏசிகளைக் கொண்டு வருகின்றனர். ரேக்குகளின் முன்புறம் கீழே, நடுவில், மேலே என மூன்று இடங்களில் வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் பொருத்தப்படும். எத்தனை டிகிரியைத் தொட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தடுப்பைத் திறப்பது, யார் அந்த உத்தரவைத் தருவது என்பதை முன்பே எழுதி வைத்துவிடுவார்கள்.

காற்றின் அழுத்தம்

எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் தடுப்பில் சிறு இடைவெளிகள் இருக்கும். அதனால் காற்று எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைக் கட்டுப்படுத்துகின்றனர். வேலை நடக்கும் பகுதியிலிருந்து ஒரு ஃபேன் மூலம் காற்றை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகக் கட்டடத்திற்கு வெளியே தள்ளுகின்றனர். அங்கே அழுத்தம் சற்றுக் குறையும். இடைவெளி இருந்தாலும் சர்வர் பக்கத்துச் சுத்தமான காற்று வேலைப் பகுதிக்குப் போகுமே தவிர, தூசி இந்தப் பக்கம் வராது. இதில் பயன்படும் ஹெப்பா ஃபில்டர், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும்.

உள்ளே செல்ல இரண்டு கதவுகள் கொண்ட சிறு அறை இருக்கும். ஒன்று மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். காலடியில் பசையுள்ள மிதியடி. பெருக்குவதற்குத் துடைப்பம் கூடாது. ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனர் மட்டுமே. சாதாரண வாக்குவம் கிளீனர், மெல்லிய தூசியைப் பின்புறம் வழியாக மீண்டும் காற்றில் கலந்துவிடும். ஏசி ஃபில்டர்களையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். தூசிப் பிரச்னை மறுபடி வெப்பப் பிரச்னையாகிவிடும்.

புகையா, தூசியா?

புகையைக் கண்டறியும் சென்சாருக்குப் புகைக்கும் சிமெண்ட் தூசிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். தவறான அலாரம் அடித்து, தீயணைக்கும் வாயு தானாக வெளியேறினால் இன்னொரு சேதம் காத்திருக்கிறது. 2016 செப்டம்பர் 10 அன்று, ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் ஐ.என்.ஜி. வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்புச் சோதனை நடந்தது. வாயு பீறிட்ட பலத்த சத்தத்தின் அதிர்விலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பல பழுதாயின. ஏ.டி.எம். உட்பட வங்கிச் சேவைகள் சுமார் பத்து மணி நேரம் நின்றன.

சத்தம் டிஸ்க்கைப் பாதிக்குமா என்று சந்தேகம் வரலாம். 2008ஆம் ஆண்டு இறுதியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடும் டிஸ்க்குகளின் முன் உரக்கக் கத்தி, அவற்றின் வேகம் குறைவதை வீடியோவில் காட்டினார். மனிதக் குரலுக்கே இப்படியென்றால், கான்கிரீட்டைக் குடையும் ஹாமர் டிரில்லுக்கு என்ன ஆகும்?

எனவே வேலை நேரத்தில் வாயு தானாக வெளியேறாதபடி மாற்றி வைத்து, தீயைக் கவனிக்க மட்டுமே ஓர் ஆளை நிறுத்துகின்றனர். அன்றைய வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகின்றனர். கண்காணிக்க ஆளில்லாமல் அலாரத்தை அணைத்து வைப்பது மிகப் பெரிய ஆபத்து.

உங்கள் வீட்டில்...

மேலே சொன்னவற்றில் பலவற்றைச் செலவில்லாமல் வீட்டிலும் செய்யலாம்.

1. வேலை தொடங்கும் முன் முக்கியமான ஃபைல்களைப் பேக்கப் எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள்.

2. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, சூடு ஆறிய பிறகே பிளாஸ்டிக் கவரால் மூடுங்கள். ஓடும் கம்ப்யூட்டரை எதனாலும் மூட வேண்டாம். யு.பி.எஸ்., மோடம், ரௌட்டர் ஆகியவற்றுக்கும் இதே விதி. இன்வெர்ட்டரை மூட முடியாதென்றால், அது இருக்கும் அறைக்குள் தூசி வராமல் பாருங்கள்.

3. கம்ப்யூட்டர் கட்டாயம் ஓட வேண்டும் என்றால், வேலை நடக்காத அறைக்கு மாற்றிக் கதவை மூடி, கதவின் அடி இடைவெளியில் ஈரத்துணி வையுங்கள்.

4. வேலை நடக்கும் அறையின் ஜன்னலில், வெளியே பார்த்தபடி ஒரு டேபிள் ஃபேனை வைத்து ஓட விடுங்கள். டேட்டா சென்டரில் செய்யும் அழுத்த வித்தை இதுதான். அந்த அறையில் சீலிங் ஃபேனும் ஏசியும் ஓட வேண்டாம்.

5. டைல்ஸ், கிரானைட் அறுப்பதை மொட்டை மாடியிலோ வாசலிலோ தண்ணீர் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். மெஷினில் ஈரக்கசிவால் ஷாக் அடிக்காத பாதுகாப்பு இருக்கிறதா என எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக் கொள்ளுங்கள். இந்தத் தூளில் உள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும். அறுப்பவருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

6. வேலை முடிந்ததும் உடனே கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். மெல்லிய தூசி படிய ஒரு நாள் விடுங்கள். முதலில் அறையை ஈரத்துணியால் துடைத்து, பிறகு கவரை எடுங்கள்.

7. உள்ளே தூசி தெரிந்தால், கேபினெட்டை வெளியே கொண்டு சென்று, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக் கொண்டு, பிளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

8. அடுத்த சில வாரங்களுக்கு ஃபேன் சத்தத்தைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட அதிகமாக இரைந்தால், ஹீட் சிங்க்கில் இன்னும் தூசி இருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்பிளிட் ஏசியின் ஃபில்டரையும் அப்போதே கழற்றிக் கழுவிவிடுங்கள்.