கூட்டமாய் நீந்தும் மீன்களும் தொட்டியில் இறங்கும் கைகளும்

நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோர் சிலர், வண்ணமீன் வளர்க்கலாமா என எங்களிடம் வினவுவதுண்டு. வளர்க்கலாம். ஆயின் எந்த மீன், எத்தனை, தொட்டியைத் துலக்குபவர் யார் என்பவற்றை முதலில் முடிவுசெய்தல் நன்று.

அமேசான் படுகையின் நியான் டெட்ரா, மலாய்த் தீபகற்பத்தின் ஹார்லெக்வின் ரஸ்போரா, டைகர் பார்ப் ஆகியவை கூட்டமாக வாழும் இயல்பின. அழகு கருதி இனத்துக்கு இரண்டாக வாங்கி ஒரே தொட்டியில் விடுவோர் பலர். தன் இனத்துணை குறைந்த மீன் மிரண்டு ஒதுங்கும். இரை எடுக்கத் தயங்கும். டைகர் பார்ப் எனில் பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கத் தொடங்கும். எனவே ஒவ்வோர் இனத்திலும் ஆறு மீன்களேனும் தேவை.

இதனால் இனங்கள் கூடக்கூட மீன்களின் எண்ணிக்கையும் பெருகும். சிறிய தொட்டியில் கழிவு மிகுந்து அம்மோனியா சேரும், மீன்கள் நலிவுறும். நலிந்த மீன்களிடையே மைக்கோபாக்டீரியம் மெரினம் என்னும் நுண்ணுயிரி பரவக்கூடும். காசநோய்க் கிருமியின் உறவான இது, 1926ஆம் ஆண்டு பிலடெல்பியா மீன் காட்சியகத்தின் மீன்களில் கண்டறியப்பட்டது.

கையிலுள்ள கீறல் வழியே இக்கிருமி மனிதருக்கும் தொற்றும். பெரும்பாலும் சில வாரங்களுக்குப் பின் விரலிலோ புறங்கையிலோ கட்டி தோன்றும், புண்ணாகும், சிலருக்குக் கை நெடுகிலும் வரிசையாகக் கட்டிகள் எழும். குணப்படுத்த இயலும்; ஆனால் மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள நேரிடும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்போர் ஆகியோருக்கு இது மூட்டு, எலும்பு வரை ஊடுருவக்கூடும்.

ஆதலின் எங்கள் பரிந்துரை எளியது. ஏறத்தாழ 80 லிட்டர் தொட்டியில் நியான் டெட்ரா ஆறு, ரஸ்போரா ஆறு என இரண்டு இனங்களோடு நிறுத்துங்கள். இரண்டுக்கும் 24 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். இறந்த மீனை உடனே அகற்றுங்கள்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் மீன்களைக் கண்டு களிக்கட்டும். தொட்டியைத் துலக்கும் பணியைக் குடும்பத்தினர் ஏற்கட்டும். அவர்களும் முழங்கை வரையிலான கையுறை அணிந்து, பின் சோப்பால் கை கழுவுதல் வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறைத்தல் கூடாது. சமையலறைத் தொட்டியில் வடிகட்டியைக் கழுவுதலும் கூடாது.

கையில் ஆறாத கட்டியோ புண்ணோ இருப்பின், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துக் கூறுங்கள். அந்த ஒரு செய்தியே பல வாரத் தாமதத்தைத் தவிர்க்கும்.