கையெழுத்தும் சம்மதமும்

கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைக்கலாகாது என்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய பாடம் அன்று. வெற்றுத்தாளில் ரேகை வாங்கிக்கொண்டு, பின்னர்த் தம் விருப்பம்போல் தொகையை நிரப்பிக்கொண்ட லேவாதேவிக்காரர்களிடம் தறியையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் பல. பத்திரத்தில் இவ்வளவு விழிப்பாயிருக்கும் நாம், ஆஸ்பத்திரியில் நீட்டப்படும் தாளைக் கண்டால் மட்டும், 'எங்கே கையெழுத்திட வேண்டும்?' என்பதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. முன்னது பொருளைப் பற்றியது. பின்னதோ உடலைப் பற்றியது.

அத்தாள் சம்மதப் பத்திரம் எனப்படும். கையெழுத்து வேறு, சம்மதம் வேறு. செய்யப்போவது இன்னதென்று உணர்ந்து, அச்சுறுத்தலின்றி, தானே இசைவதே சம்மதம். கையெழுத்து அதற்கு ஒரு சாட்சி மட்டுமே. இவ்வேறுபாட்டை நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் அளித்த ஒரு தீர்ப்பு நன்கு விளக்குகின்றது.

1995-ஆம் ஆண்டில் புதுடில்லியில் 44 வயதுடைய, மணமாகாத பெண்மணி ஒருவர், உதிரப்போக்கு நீடித்தமையால் வைத்தியரிடம் சென்றார். வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வழியே உட்பகுதியைச் சோதிக்க வேண்டுமென்று கூறப்பட்டது. அதற்குரிய தாளில் அவர் கையெழுத்திட்டார். அவர் மயக்க மருந்தின் வசப்பட்டிருந்தபோது, வெளியே காத்திருந்த முதிய தாயாரிடம் வேறொரு சம்மதம் பெறப்பட்டது. கண் விழித்தபின்னரே, தம் கருப்பையும் சூலகங்களும் கருக்குழாய்களும் அகற்றப்பட்ட செய்தியை அவர் அறியலானார்.

வைத்தியர் தீய நோக்கத்துடன் செய்தார் என்று நீதிமன்றம் கூறவில்லை; நோயாளியின் நலம் கருதியே செய்ததாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அச்செயல் தவறு என்றே முடிவுசெய்தது. சோதனைக்கு அளித்த சம்மதம் உறுப்பை அகற்றுவதற்கு அளித்த சம்மதம் ஆகாது. நோயாளி வயது வந்தவர், தெளிந்த அறிவுடையவர், உடனடியான உயிராபத்தும் அப்போது இல்லை. ஆகவே, அவர் விழிக்கும்வரை பொறுத்திருந்து அவரையே கேட்டிருத்தல் வேண்டும். தாயாரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்பது தீர்ப்பு. வைத்தியருக்குக் கட்டணம் பெறும் உரிமை மறுக்கப்பட்டதுடன், 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் விதிக்கப்பட்டது.

சம்மதம் கேட்குமுன் வைத்தியர் தெரிவிக்க வேண்டியவற்றையும் அத்தீர்ப்பு வகுத்துரைத்தது. சிகிச்சை எத்தன்மையது, எவ்வாறு செய்யப்படும். அதன் நோக்கமும் பயனும் யாவை. வேறு வழிகள் உளவா. முக்கியமான அபாயங்கள் எவை. சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியது என்ன என்பவையே அவை. மிக அரிதாக நேரக்கூடிய அபாயங்களையெல்லாம் அவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலின் நம் மனத்தை உறுத்தும் ஐயம் எதுவாயினும் அதனை நாமே வாய்விட்டுக் கேட்பது நலம். சோதனைக்கும் அதன்பின் தேவைப்படக்கூடிய சிகிச்சைக்கும் சேர்த்தே முன்கூட்டிச் சம்மதம் அளிப்பதையும் நீதிமன்றம் தடுக்கவில்லை. எனவே, 'சோதிக்கும்போது வேறொன்று தென்பட்டால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியை மயக்க மருந்துக்கு முன்னரே கேட்டுவிடுதல் வேண்டும்.

இரண்டிடங்களில் பிறர் முடிவுசெய்ய நேரிடும். சிறுவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் அளிப்பர். விபத்துப் போன்றவற்றில் நினைவிழந்து, தாமதித்தால் உயிர் போகும் என்ற நிலையில் இருப்பவரைச் சம்மதத்துக்குக் காத்திராமல் வைத்தியர் காப்பாற்றலாம், காப்பாற்றவும் வேண்டும்.

நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. மனைவிக்குச் சிகிச்சையென்றால் கணவர் வைத்தியருடன் பேசி முடிக்கிறார். முதியவருக்கென்றால் மகன் முடிக்கிறார். கட்டிலில் கிடப்பவரிடம் எவரும் கேட்பதில்லை. அன்பினால் செய்வதேயாயினும், உடல் யாருடையதோ அவருடைய சொல்லே முதற்சொல்லாதல் வேண்டும். உறவினர் உடனிருந்து கேட்டுப் புரியவைக்கலாம். அவருக்குப் பதிலாக முடிவுசெய்தல் தகாது.

தாள் ஆங்கிலத்தில் இருப்பின், தமிழில் படித்துச் சொல்லுமாறு கேளுங்கள். காலியான இடங்களை நிரப்பிய பின்னரே ஒப்பமிடுங்கள். இவ்வாறு கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. பாவும் ஊடையும் எண்ணிப் பார்த்து நூல் வாங்கும் நெசவாளியை நூற்கடைக்காரர் எவரும் கோபிப்பதில்லை. விதையின் தரம் விசாரிக்கும் விவசாயியையும் எவரும் குறை கூறுவதில்லை. நம் உடலின் பொருட்டு அதே விசாரணையைச் செய்வதற்கு நாம் ஏன் கூச வேண்டும்?