எஞ்சிய இணைய முகவரிகளும் அவற்றின் பங்கீடும்

திருப்பதி, சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தபோது, 2015ஆம் ஆண்டில் அங்கு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றது. இத்தகைய புதிய நிலையங்கள் இணையத்தில் இடம்பெற எண்முகவரிகள் வேண்டும். ஆனால், நான்காம் பதிப்பு முகவரிகளின் உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

இம்முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆதலின் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. கடைசி ஐந்து தொகுதிகள் உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஒவ்வொன்றாக அளிக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் வட்டாரம் பெற்றது, 103 என்ற எண்ணில் தொடங்கும் தொகுதியாகும். அதில் அடங்கியவை ஏறக்குறைய 1.68 கோடி முகவரிகள்.

முந்தி வந்தோரே முழுவதும் பெறின், பிந்தி வருவோர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். எனவே, பெருநிறுவனமாயினும் சிறு கல்லூரியாயினும், இத்தொகுதியிலிருந்து 1,024 முகவரிகளுக்கு மேல் பெறலாகாது என்னும் விதி 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2019இல் இவ்வரம்பு 512 ஆகக் குறைக்கப்பட்டது.

ஒரே முகவரியைக் கொண்டு ஒரு பள்ளியின் கணிப்பொறிகள் பலவற்றையும் இணைக்க இயலும். ஆகவே சிறு பங்கும் பெரும் பயன் தரும். எனினும், பங்கீடு பற்றாக்குறையைத் தணிக்குமேயன்றி நீக்காது. 128 இரும இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பே நிலையான தீர்வு. ஆயினும் இரு பதிப்புகளும் ஒன்றோடொன்று நேராக உரையாட மாட்டா. மாற்றம் முற்றுப்பெறும் வரை, புதியவருக்கும் பழைய முகவரிகள் சில தேவைப்படும். அவற்றைப் பின்வருவோர்க்கென ஒதுக்கி வைத்ததே இவ்விதியின் நியாயமாகும்.